லாரிக்கு நான் மாட்டிய டீசல் பம்ப்

ஜாக்கி நழுவிய விபத்தில் என் கணவருக்கு வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. லாரி ஓட்ட டிரைவர் வைத்தோம். அதற்குப் பிறகு அவர் வீட்டில் பேசியதெல்லாம் அதட்டல்தான்.

அன்று கோம்பையில் ஒரு தோட்டத்தில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் அதை எங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏற வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்குத் தள்ளும் பம்ப் முந்தின நாளே ஒழுகத் தொடங்கியிருந்தது. தேனியில் புதுப் பம்ப் வாங்கியாயிற்று. லாரி எங்கள் வீட்டுக் கேட்டுக்குள் நின்றது; மாட்டத்தான் ஆள் இல்லை. உத்தமபாளையத்து மெக்கானிக் கேரளாப் பக்கம் போயிருந்தார். டிரைவர் லோடு ஏற்றும் நேரத்துக்குத்தான் வருவார்.

என் கணவர் இடது கையால் முயன்றார். ஸ்பேனர் திரும்பத் திரும்ப வழுக்கி விழுந்தது. கடைசியில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “கேட்டைச் சாத்திட்டு வாடி. யாரும் பாத்துறக் கூடாது.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினுக்குள் கையை விட்டேன். குழாயைக் கழற்றியதும் டீசல் முழங்கை வரை வழிந்தது. நட்டுகள் இறுகிக் கிடந்தன. “அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம். உனக்கெல்லாம் மூளைன்னு ஒண்ணு இருக்கா?” பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஒரு நட்டு திடீரென்று விட்டதில் விரல் முட்டி இரும்பில் மோதித் தோல் உரிந்தது. அதில் டீசல் பட்டு எரிந்தது. அவர் “ம், அடுத்தது” என்றார்.

பம்புக்கு அடியில் ஒட்டியிருந்த, கசிவைத் தடுக்கும் பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டி எடுத்து, புதுப் பம்பை வைத்து முறுக்கினேன். குழாய்க்குள் புகுந்த காற்று போகும்வரை பம்பின் குமிழைக் கட்டைவிரலால் அமுக்கினேன். முதலில் நுரை வந்தது. பிறகு டீசல் மட்டும் வந்தது. அவர் ஏறிச் சாவியைத் திருப்பினார். இரண்டு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

லாரி எப்போது வரும் என்று கேட்க வந்த திராட்சைத் தோட்டக்காரர், எஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“மெக்கானிக் வந்துட்டாகளா?”

“அவன் எதுக்கு? ஒத்தக் கையிலயே நானே மாத்திட்டேன்” என்றார் என் கணவர்.

தோட்டக்காரர் வியந்துபோய் அவர் தோளைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். “என்ன ஆத்தா, கையெல்லாம் இப்பிடிக் கரி? அடுப்புல புகுந்து எந்திரிச்சியா?”

இவர் சத்தமாகச் சிரித்தார்.

தோட்டக்காரர் போனதும் கேட்டேன், “ஏங்க அப்பிடிச் சொன்னீக?”

“பின்ன? இந்தக் கை ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு ஊருக்கே சொல்லச் சொல்றியா?”

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைக் கேட்டு இரங்கியிருக்கலாம். எனக்கு இரக்கம் வரவில்லை. “என் கைய அடுப்புக் கரின்னாகளே, அதுக்கு ஏன் சிரிச்சீக?” என்றேன். அவர் முகம் கழுவப் போனார்.

லாரி மலையேறிப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. மறுநாள் டிரைவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது அடுக்களைவரை கேட்டது: “டூல்ஸ் பெட்டிய கேபின்ல வச்சுப் பூட்டு. பொம்பளைக எடுத்துத் தொலைச்சிருவாளுக.”

அவருக்குச் சோறு வைத்தேன். சாப்பிடக் கூப்பிடவில்லை. அவரே வந்து உட்கார்ந்து, ரசத்தில் உப்பில்லை என்றார்.