திரேசாக்கா தொடாத மீன்

மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு நின்றபோது திரேசாக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அன்ரி, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். "வாற கிழமை வாறன், நண்டு வாங்கி வை" என்று போன ஞாயிறுதான் அக்கா சொன்னார். சொன்னால் வந்து நிற்கிற மனுசி, இப்படியா செய்வது!

மாதா கோயிலில் அவரோடு பழகிய உங்களுக்கு, பாடும்போது எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடும் அவர் குரலைத் தெரியும். அவர் இருந்த லவாலில் அவர் கரண்டி பிடிக்காத கொண்டாட்டம் குறைவு. எனக்கு அவர் அறிமுகமானது அமேசன் ஆற்றில்.

நான் ஏழு மாதக் கைக்குழந்தையோடு கனடாவுக்கு வந்துகொண்டிருந்தேன். கணவர் முன்னமே மொன்றியலில் இருந்தார். ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் பிரேசிலில் ஒரு பயணிகள் படகில் ஏற்றிவிட்டான். எல்லை ஊருக்குப் போய்ச்சேர ஒரு கிழமைக்கு மேலாகும். கதிரையும் இல்லை, கட்டிலும் இல்லை. கூரைக் கம்பிகளில் ஆளாளுக்குத் துணித்தொட்டில் கட்டிப் படுக்க வேண்டும். கொடியில் நெருக்கிக் காயப்போட்ட உடுப்புகள் மாதிரித் தொங்கினோம். பக்கத்தில் ஆள் புரண்டால் எங்கள் தொட்டிலும் ஆடும். கீழே கோழிக்கூடுகள், வாழைக்குலைகள், ஒரு மோட்டார் சைக்கிள்.

"தமிழ் ஆக்களைக் கண்டாலும் கதைக்கக்கூடாது" என்பது ஏஜென்சிக்காரனின் கட்டளை. படகு மணல் திட்டில் இடித்தபோது பக்கத்துத் தொட்டில் "ஐயோ மாதாவே!" என்று கத்தியது. அதோடு கட்டளை முடிந்தது. மன்னாரிலிருந்து தனியாக வந்த திரேசாக்கா அன்றிலிருந்து வாய் மூடவில்லை.

என் சிக்கல் சாப்பாடு. கணவரும் பிள்ளையும் நானும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும்வரை மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடமாட்டேன் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். படகிலோ அவரைக்குள்ளும் இறைச்சித் துண்டு. வெறும் சோறும் வாழைப்பழமுமாக நாளைக் கடத்த, எனக்குப் பால் வற்றிவிட்டது. பால்மா கரைத்துக் கொடுத்தால் பிள்ளை சத்தி எடுத்தாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். அந்தப் படகு நிறையச் சனம், அத்தனை சத்தம், என் பிள்ளையிடம் மட்டும் சத்தமில்லை.

"சாப்பிடு" என்றார் அக்கா. நேர்த்தியைச் சொன்னேன். அதை முறித்தால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்ற பயத்தையும் சொன்னேன்.

என் மடியிலிருந்த பிள்ளையைத் தன் மடிக்கு எடுத்தார். "அப்ப அந்த நேர்த்தியை என்னட்டைத் தா. நான் மச்சம் தொடாமல் இருக்கிறன். நீ தின்."

"நீங்கள் வேதக்காரர் அக்கா."

"அம்மன் என்னட்டை ஞானஸ்நானச் சேட்டிபிக்கற்றோ கேக்கப்போறா? பிள்ளைக்காக ஒருத்தி வாயைக் கட்டுறாள் எண்டால் அவவுக்கு விளங்காதோ?"

கீழே சமையலறைக்கு இறங்கினார். பாஷை தெரியாது. பிள்ளையைத் தூக்கிக் காட்டி, தன் மார்பையும் காட்டிக் கையை விரித்தாராம். ஒரு கோப்பை மீன் அவியலோடு வந்தார். "வாயைத் திற" என்று முள் எடுத்து எடுத்து ஊட்டினார். நான் அழுதழுது விழுங்கினேன். மீனில்லாத சோற்றைச் சோறென்று கணக்கெடுக்காத மன்னார் மனுசி, பக்கத்திலிருந்து வாழைப்பழம் உரித்தார். "மணம் பிடிக்கிறதுக்கு நேர்த்தி இல்லைத்தானே?" என்று ஒரு சிரிப்பு வேறு. இரண்டு நாளில் எனக்குப் பால் ஊறியது. பிள்ளை வீறிட்டு அழுதாள். முழுப் படகும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. "கத்தடி, நல்லாக் கத்து!" என்றார் அக்கா.

படகு கரை சேர்ந்ததும் ஏஜென்சிக்காரன் எங்களைப் பிரித்தான். நான் முந்தி இங்கே வந்துவிட்டேன். அவர் வழியில் ஒரு முகாமில் மாதக்கணக்காக மறிபட்டார். யார் யாரையோ விசாரித்து, ஒரு பனிநாள் சென்ட் லோரன்டில் எங்கள் கதவைத் தட்டினார். அரைவாசியாகிவிட்டிருந்தார். சப்பாத்தைக் கழற்ற முதல் கேட்ட கேள்வி: "மூண்டு பேரும் ஒரு மேசையில இருந்து சாப்பிட்டாச்சோ?"

"ஓம் அக்கா, எப்பவோ."

"அப்பாடா! பேந்தென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மீன் எங்கை?"

அந்த முகாமில் தந்ததெல்லாம் தகரத்தில் அடைத்த மீனும் கோழியும்தானாம்; ஒன்றையும் தொடவில்லையாம். "ஏனக்கா இவ்வளவு காலமும்?" என்றேன்.

"நீ போய்ச் சேந்திட்டாய் எண்டு எனக்கு ஆர் சொன்னது? நான் அங்கை திண்டு, இஞ்சை பிள்ளைக்கு ஒண்டு நடந்தால்?"

அன்றைக்கு ஒரு சட்டி மீன்குழம்பை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் எழும்பினார். அக்கா, என் நேர்த்தியை நீங்கள் சுமந்ததற்கு நான் ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தாலே "விசர்க்கதை கதையாதை" என்று அடக்கிவிடுவீர்கள். இப்போது அடக்க நீங்கள் இல்லை. சொல்கிறேன்: நன்றி அக்கா, நன்றி.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். அந்தப் படகுப் பிள்ளை, இப்போது என்னைவிட உயர்ந்துவிட்ட மகள், நேரே குசினிக்குள் போனாள். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அவள் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டு, பாதி பிரெஞ்சும் பாதித் தமிழுமாகக் கத்தினாள்: "அம்மா, கறி காணாது, இன்னும் போடுங்கோ!"

திரேசாக்கா எனக்கு விட்டுப்போனது அந்தச் சத்தம்.