தண்டவாள மணி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே நான் படித்த உயர்நிலைப் பள்ளியில், பதினோராம் வகுப்புக்குப் பிரிவு உபசார விழா. படித்த பள்ளி என்கிறேனே தவிர, நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். அப்பா இறந்துவிட்டார், அம்மாவின் சித்தாள் கூலி போதவில்லை. பழைய இரும்புக் கடை, வார்ப்படப் பட்டறை, லாரி கிளீனர் என்று மாறி மாறிப் போனேன். எதிலும் நிலைத்து நிற்கவில்லை.

எங்கள் பள்ளியில் வெண்கல மணி கிடையாது. வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். தொழிற்பேட்டையில் சங்கு ஊதியதும் அதை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். வீடு பக்கத்தில் இருந்ததால் அந்த வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். நான் பள்ளியை விட்டு நின்ற அதே வாரம் தண்டவாளம் காணாமல் போனது. நானோ பழைய இரும்புக் கடையில் சேர்ந்திருந்தேன். பிறகு யாரும் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

எனக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. லாரியேறி நெல்லூர், விஜயவாடா என்று போய்விடுவேன். அதே பள்ளியில் படித்த தங்கைதான் மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் அவளுக்குத் 'தண்டவாளம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு முடிந்ததும் நின்றுவிடப் போவதாக, இந்த விழா நடந்த வருஷம் சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவும் சரி என்றுவிட்டாள். நான் எடுத்தேனா என்று தங்கை ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. அவளும் நம்பிவிட்டாள், அதனால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வேலப்பன்சாவடியில் லாரியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது பழைய வகுப்புத் தோழன் ஒருவன் சைக்கிளில் தேடி வந்தான். ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பையன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சனிக்கிழமை டீ பார்ட்டி, குரூப் போட்டோ, நீ வர வேண்டும் என்றான்.

"நான் இன்னாத்துக்கு? பரிச்சை எழுதப் போறது நீங்கதானே?"

"எச்.எம்.மே கூட்டியாரச் சொல்லிட்டாவ. வந்தாத் தெரியும்லே" என்று சைக்கிளைத் திருப்பினான்.

பாதியில் நின்றவனை எந்தத் தலைமையாசிரியர் டீ குடிக்கக் கூப்பிடுவார்? டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். அவர் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே சிரித்தார். "போலீசு நிக்கும் பாரு நைனா. கைல டீயக் குட்த்து உக்கார வெச்சிட்டா ஓட மாட்டே இல்ல?"

போனால் பிடிப்பார்கள். போகாவிட்டால் 'பார், பயந்துவிட்டான்' என்பார்கள். தங்கை ஒன்பதாம் வகுப்பைப் பார்க்கப் போவதில்லை. யோசித்துவிட்டுப் போனேன்.

நான் உள்ளே நுழைந்ததும் டிரில் மாஸ்டர் கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டார். ஆடு மாடு நுழையாமல் இருக்க எப்போதும் போடுகிற கொக்கிதான். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஓரத்தில் உட்காரப் போனவனை இழுத்து பெஞ்சின் நடுவில் உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியர் நாற்காலிக்கு முன்னால் மேஜை. அதன்மேல் எதையோ வைத்துச் சாக்கால் மூடியிருந்தார்கள். நான் பார்ப்பதைப் பார்த்து இரண்டு பேர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

இலையில் லட்டும் காராபூந்தியும் வந்தன. நான் தொடவில்லை. பெஞ்சுக்கு அடியில் மெதுவாகச் செருப்பைக் கழற்றி வைத்தேன். ஓட வேண்டி வந்தால் வெறுங்காலில்தான் எனக்கு வேகம்.

ஒவ்வொருவராக எழுந்து பள்ளி நாட்களைப் பற்றிப் பேசினார்கள். குவார்ட்டர்ஸ் பையன்கள் வந்த புதிதில் எங்கள் மெட்ராஸ் பேச்சு புரியாமல் விழித்தது, சோற்று டப்பா மாற்றிக்கொண்டது, ஆய்வுக்கூடத்தில் பாம்பு வந்தபோது அறிவியல் ஆசிரியர் மேஜைமேல் ஏறி நின்றது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதிதான் பங்கு. மீதி நான் போன பிறகு நடந்தவை. ஒருவன், மணி போன பிறகு டிரில் மாஸ்டரின் விசில்தான் எங்களுக்கு மணி என்றான். சிரிப்பு சட்டென்று அடங்கியது. அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இதோ வந்துவிட்டது என்று கேட்டின் உயரத்தைக் கண்ணால் அளந்துகொண்டேன்.

தலைமையாசிரியர் எழுந்து சாக்கை எடுத்தார். தண்டவாளம். சேறு காய்ந்து, துருப் பிடித்து, கட்டித் தொங்கவிட்ட சங்கிலியின் மிச்சத்தோடு கிடந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்துப் பள்ளிக் கிணறு வற்றிவிட்டது. பதினோராம் வகுப்புப் பையன்களே இறங்கித் தூர் வாரியிருக்கிறார்கள். மண்வெட்டியில் இரும்பு இடறியிருக்கிறது. இதைத் தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல எனக்குச் சந்தேகம்தான் கூடியது. கிணற்றில் போட்டதும் நான்தான் என்பார்களோ?

"யார் சார் போட்டது?" என்று கேட்டுவிட்டேன்.

"கேட்டேன்பா. யாரும் வாயத் திறக்கல. ஆனா நீ எடுத்துட்டுப் போகலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. வகுப்பு முடியுது, கடைசி மணிய நீ அடி."

திருநெல்வேலிக்காரனும் இன்னொருவனும் தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் கட்டினார்கள். கம்பி என் கைக்கு வந்தது. அப்போதும் இதில் ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்றேன். தொழிற்பேட்டையில் சங்கு ஊதியது. கை தானாக எழுந்தது. பள்ளி விடும் மணியை விட்டு விட்டு அடிக்கக் கூடாது, ஒரே மூச்சில் அடிக்க வேண்டும். காய்ந்த சேறு உதிர்ந்து முகத்தில் விழுந்தது. தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். எங்கள் வீடு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஓங்கி அடித்தேன்.

போட்டோ எடுத்து முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு வெளியே தங்கை நின்றாள். ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. நடக்கும்போது, நீயும் நான்தான் எடுத்தேன் என்று நினைத்தாயா, ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்றேன்.

"நீ மாங்கா அட்ச்சா ஊட்டுக்குத்தானே எட்த்தாந்து காட்டுவே? கொய்யாவும் அப்டித்தான். அத்தக் காட்டல. நீ எடுக்கலன்னு அப்பவே தெரியும். அப்பறம் இன்னாத்தக் கேக்கறது?"

அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள், பிறகு எஸ்.எஸ்.எல்.சி.யும் முடித்தாள்.

அந்தக் குரூப் போட்டோவின் பிரதி ஒன்று எனக்கும் வந்தது. பின்வரிசைக்குப் பெஞ்சு போதாமல் என்னைத் தரையில் ஓரமாக நிற்க வைத்திருக்கிறார்கள். கிரீஸ் கறைச் சட்டை, காலில் செருப்பில்லை. பல வருஷம் அந்தப் படத்தை எடுக்கும்போதெல்லாம், கிணற்றில் போட்டவன் யார் என்று ஒவ்வொரு முகமாகத் தேடுவேன். ஒரு நாள் ஒருவன் கள்ளன்போலத் தெரிவான். அடுத்த முறை வேறொருவன். தேடி வந்து கூப்பிட்ட திருநெல்வேலிக்காரனைக்கூட நான் விடவில்லை. இவனுக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்று யோசித்திருக்கிறேன்.

அவர்கள் என்னை எந்தக் கண்ணால் பார்த்தார்களோ அதே கண்ணால்தான் நானும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் உறைத்தது. இப்போதும் சில நாள் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கிறேன்; முகங்களைத் தேடுவதை விட்டுவிட்டேன், ஓட்டத்துக்குத் தயாராக நிற்கும் அந்த வெறுங்கால்களைப் பார்த்து, என்னிடம் எதையுமே கேட்காத தங்கையை நினைத்துக்கொள்கிறேன்.