தீப்பெட்டி அளவு ஒட்டகம்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டிலாவது குழந்தைக்கு மூன்று வயது முடிந்தால் என்னிடம் வந்து கேட்பார்கள். எந்தப் படப் புத்தகம் வாங்கலாம், எந்த அரிச்சுவடி நல்லது என்று. திருப்பதியில் முப்பது வருடம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்பது நியாயம்தான். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போங்கள், நான்கைந்து புத்தகத்தைத் தரையில் பரப்பி வையுங்கள், அது எதை எடுக்கிறதோ அதையே வாங்குங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள். எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். போன வாரம் ஒரு பெண் இதைக் கைபேசியில் குறித்துக்கொண்டு போனாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு நான்கு. எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். நைனா என்று நாங்கள் கூப்பிட்ட அப்பா கரும்பும் வேர்க்கடலையும் பயிரிட்டார். வீட்டில் தமிழ் பேசுவார், மண்டியில் தெலுங்கு பேசுவார், இரண்டிலும் படிக்கத் தெரியாது. அதனால் வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னதுதான் அதில் இருப்பது. ஒன்பது வயதில் இப்படி ஓர் அதிகாரம் கிடைத்தவன் யோக்கியனாக இருப்பது கஷ்டம்.

அந்த வருஷம் தங்கைக்குத் திருமலையில் முடி இறக்கினோம். மலையிலிருந்து இறங்கியதும் நைனா எங்களைக் கோவிந்தராஜர் கோயில் பக்கத்தில் ஒரு புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடம் சேருமுன் பாப்பாவுக்கு ஓர் அரிச்சுவடி வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. தெலுங்குப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருந்தன. தமிழில் இருந்தவை இரண்டே வகை. கடைக்காரர் இரண்டையும் தரையில் போட்டார்.

ஒன்று பெரியது. சாணித்தாள். பக்கத்துக்கு ஓர் எழுத்து, என் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக. பக்கத்தில் வெறும் கோட்டுப் படம். மற்றது சிறியது, வழவழப்பானது, எட்டே பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வண்ணப் படங்கள், தீப்பெட்டி அளவில். மூன்றாம் பக்கத்தில் ஒட்டகம் இருந்தது. மஞ்சள் மணலில் நின்றது, பின்னால் சிவப்பாக ஒரு சூரியன். நான் ஒட்டகத்தை அதுவரை படத்தில்கூடப் பார்த்ததில்லை.

தங்கை அந்தப் பெரிய புத்தகத்தைத்தான் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து, மூக்கு தாளில் படும்வரை குனிந்து பார்த்தாள். பிறகு விரலால் கறுப்புக் கோட்டின் மேலேயே போய்ச் சிரித்தாள். மொட்டைத் தலையில் பூசியிருந்த சந்தனம் அட்டையில் அப்பிக்கொண்டது. கடைக்காரருக்கு அது பிடிக்கவில்லை.

"சந்தனம் ஒட்டிப்போச்சு. அதையே எடுத்துக்கோ பாபு, பாப்பாவுக்கும் பிடிச்சிருக்கு" என்றார்.

நைனாவும் அதை வாங்குவதாகத்தான் இருந்தார். நான் ஒட்டகத்தைத் தங்கையின் முகத்துக்கு எதிரே நீட்டி, இதைப் பார், எவ்வளவு அழகு என்றேன். அவள் பார்த்தாள், அல்லது அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"அதுல ஒண்ணுமே இல்லணா" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார், நைனாவும் சிரித்தார். பிடிவாதக்காரக் குழந்தைகள் அப்படித்தான் சொல்லும். நான் நைனாவிடம், பெரிய எழுத்துப் புத்தகம் மந்தமான பிள்ளைகளுக்காகப் போட்டது, எங்கள் வாத்தியார் சொல்லியிருக்கிறார் என்றேன். வாத்தியார் அப்படி எதுவும் சொன்னதில்லை. நைனா ஒரு கணம் யோசித்துவிட்டு, "படிச்சவன் நீ சொல்றே" என்றார். நான் பெரிய புத்தகத்தை அவள் மடியிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அவள் கொஞ்சம் இழுத்தாள். என் பலம் அதிகம்.

நாங்கள் கிளம்பும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். கிறுக்காமல் வைத்திருந்தால் அடுத்த முறை வரும்போது மாற்றிக்கொள்ளலாம், சந்தனம் ஒட்டியதை வேறு யார் வாங்கப்போகிறார்கள். நைனா அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து நான்கு நாள் பாப்பா அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை என்றதும், அடுத்த மாசம் திருப்பதி போவேன், மாத்திக்கினு வந்துடறேன் என்று அம்மாவிடம் சொன்னார்.

அன்றிலிருந்துதான் நான் தங்கைக்குப் பாடம் நடத்தத் தொடங்கினேன்.

அவள் அசாத்தியமான கெட்டிக்காரி. அ அம்மா, ஆ ஆடு, இ இலை என்று நான் இரண்டு முறை சொன்னால் போதும், திருப்பிச் சொல்லிவிடுவாள். நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அடுத்த படத்துக்குப் போக வேண்டிய இடத்தில் முதுகில் ஒரு விரலால் தட்டுவேன். அவள் விரலும் ஒரு கட்டம் நகரும். மூன்றே நாளில் எட்டுப் பக்கமும் தயார். நைனா முன்னால் ஒப்பித்தபோது அவர் கண் கலங்கிவிட்டது. புத்தகத்தை மாற்றுகிற பேச்சு அதோடு நின்றது. ஒட்டகம் என் வீட்டில் தங்கியது.

அவளுக்குக் கண் தெரியவில்லை என்று எனக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியைப் பல விதமாக மழுப்பிப் பார்த்திருக்கிறேன். நான் புத்தகத்தைத் தலைகீழாக வைத்தாலும் அவள் அதே மாதிரிதான் சொன்னாள். தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொண்டால் அம்மா, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" என்று திட்டுவாள். நான் அம்மாவோடு சேர்ந்து சிரிப்பேன். தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும்.

சித்தப்பா வந்தபோதுதான் விஷயம் வெளியே வரப் பார்த்தது. அவர் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். நைனா பெருமையாகப் பாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எப்போதும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர், அன்று உற்சாகத்தில் புத்தகத்தை நடுவில் பிரித்து ஒட்டகத்தின் மேல் விரலை வைத்தார். நான் வாசலில் சித்தப்பாவின் செருப்பைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அ, அம்மா" என்றாள் தங்கை.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "ஏண்ணா, அண்ணி இப்டியா கீறாங்க? முதுகுல திமிலு வேற" என்றார். உள்ளேயிருந்து அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நைனா விழுந்து விழுந்து சிரித்தார். முதலில் சிரிப்பை நிறுத்தியவர் சித்தப்பாதான்.

அவர் என்னைப் பார்த்து, ஏன்டா, பாப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியுதா என்று கேட்டார். நான் ஓடிவந்து, அவள் வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்றேன். சொல்லிக்கொண்டே அவள் பின்னால் உட்கார்ந்தேன். சித்தப்பா எழுந்து வாசல்படிவரை போய் நின்று கையை உயர்த்தினார்.

"பாப்பா, தோ பாரு. எவ்ளோ வெரலு?"

நான் தங்கையின் முதுகில் மூன்று முறை தட்டினேன்.

"மூணு."

"இப்போ?"

"ஒண்ணு."

"இப்போ?"

"அஞ்சு."

சித்தப்பா வந்து அவள் கன்னத்தைக் கிள்ளி, "குறும்புக் கழுதை, பயமுறுத்திட்டியே" என்றார். அவர் நெற்றி வியர்த்திருந்தது இப்போது நினைவுக்கு வருகிறது. அவர் உண்மையாகவே பயந்திருந்தார். அந்த வீட்டில் அன்று பயப்படத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரை நான் நிம்மதியாகப் பஸ் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

இனி அப்படி ஆகக் கூடாது என்று அதற்கும் வழி செய்தேன். பக்கத்தின் மேல் மூலையில் சோற்றுப் பருக்கைகளை நசுக்கி ஒட்டினேன். முதல் பக்கத்துக்கு ஒன்று, எட்டாவதுக்கு எட்டு. காய்ந்ததும் அவை கல் மாதிரி நின்றன. எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் தங்கை கட்டை விரலால் மூலையைத் தடவி எண்ணிக்கொண்டு சரியாகச் சொன்னாள். எறும்பு வந்தால் புதுசாக ஒட்டுவேன். கண் தெரியாத குழந்தைக்கு ஒரு புத்தகம் செய்ய அவ்வளவு பாடுபட்டவன், அவளுக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறபோது வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார்கள். அவளுக்கு எட்டவில்லை, வயசு போதாது. ஆனால் புத்தகத்தை எங்கே பிரித்தாலும் கடகடவென்று சொல்கிற குழந்தையைத் திருப்பி அனுப்ப ஹெட்மாஸ்டருக்கு மனம் வரவில்லை. அவள் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த நாளே எனக்குப் புத்தகத்தில் வேலை முடிந்துவிட்டது. ஒட்டகத்தைக் கத்தரித்து என் நோட்டில் ஒட்டிக்கொண்டேன். அவளுக்குப் பின்னால் அப்படி உட்காருவதையும் விட்டுவிட்டேன்.

கரும்பலகையைப் படிக்கச் சொன்னால் முதுகில் தட்ட யாரும் இல்லை. நான்கு வருஷம் அடி வாங்கினாள். வீட்டிலேயே படித்த பெண் பள்ளிக்கூடத்தில் திமிர் பண்ணுகிறாள் என்று அதற்குத் தனி அடி. கடைசியில் ஒரு புது வாத்தியார் நைனாவைக் கூப்பிட்டு, இவளைக் கண் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். சித்தூருக்குப் போனோம். இங்கிலீஷ் சீட்டைப் படிக்க வேண்டும் என்று நானும் போனேன். எனக்குப் பதினான்கு வயது.

டாக்டர் இது எப்போதிருந்து என்று கேட்டார். சிறு வயதிலிருந்தே என்றால் அப்போதே கண்ணாடி போட்டிருக்க வேண்டும், பார்க்கப் பழகுகிற வயசு ஒன்று உண்டு, அது தாண்டினால் கண்ணாடியும் அதிகம் உதவாது என்றார். நைனா அவசரமாக மறுத்தார்.

"நாலு வயசுலயே புஸ்தகம் படிச்ச கொழந்த சார் இது. எம்பையனக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "ஆமா சார்" என்றேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனமான கண்ணாடி கொடுத்தார்கள், கொஞ்சம்தான் உதவியது. சின்ன வயசில் படித்துப் படித்துத்தான் கண் போயிற்று என்று நைனா முடிவுகட்டினார். அந்தப் புத்தகத்தை வாங்கியது தான்தான் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்தினார். வீட்டில் அச்சடித்த தாள் எதுவும் அவள் கைக்குப் போகாமல் அம்மா பரண்மேல் போட்டாள். பார்வை மந்தம் என்று இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். நைனா சாகும்வரை, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், சின்னக் குழந்தைகளுக்குப் புத்தகம் வாங்கித்தராதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அப்போது நான் எம்.ஏ. முடித்துவிட்டேன்.

தங்கை இப்போதும் புத்தூர்ப் பக்கத்தில்தான் இருக்கிறாள். பொங்கலுக்குப் போவேன். குரலை வைத்து, "அண்ணனா?" என்று எழுந்து வருவாள். அவளிடம் சொன்னதில்லை. இதை அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

டாக்டர் அறையில் நடந்த இன்னொன்றைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். நான் ஆமா சார் என்று சொன்ன பிறகு, அவர் தங்கையை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுச் சுவர் ஓரமாகப் போய் நின்று கையை உயர்த்தினார். எத்தனை விரல் என்று கேட்டார். டாக்டர் மறுபடி கேட்டார். நான் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் முதுகு மெல்ல என் பக்கம் சாய்ந்தது.

அவள் திரும்பி என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நான் முதுகில் தட்டுவேன் என்று அவள் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்.