நான்கு நாள் நகராத கோடு

யுவராணி ஏரியூரில் கிராம சுகாதார செவிலியர். கணவன் மாதவராஜுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணமாகி ஐந்தாறு வருடம் வாரத்துக்கு ஒருநாள்தான் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வருவான். திங்கட்கிழமை விடிவதற்குள் பஸ் ஏறிவிடுவான்.

மற்ற நாட்களில் அவர்களைச் சேர்த்துவைத்தது ஒரு மெம்பர்ஷிப். ஆன்லைனில் பொருள் வாங்க, படம் பார்க்க இரண்டுக்கும் அது ஒன்றே. தன் பெயரில் எடுத்து அவள் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தான். ஆளுக்கொரு ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளலாம் என்று அது கேட்டபோது, "எதுக்குங்க ரெண்டு? ஒண்ணே போதும்" என்று அவள்தான் சொன்னாள்.

அவன் ஒரு ஷூவைக் கார்ட்டில் போடுவான், மறுநாள் எடுத்துவிடுவான். பழையது கிழிந்துவிட்டது, வாங்க மனசு வரவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிடும். ஒரு வார்த்தை கேட்காமல் ஆர்டர் போட்டு ஓசூர் ரூமுக்கு அனுப்பிவிடுவாள். அவள் மழைக்கோட்டு தேடிப் பார்த்து வாங்காமல் விட்டிருந்தால், இரண்டாம் நாள் அது வாசலுக்கு வந்து சேரும்.

தமிழில் பேசும் கொரியத் தொடர்கள் என்றால் இருவருக்கும் உயிர். எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு, அவள் நிறுத்திய இடத்தில் நிற்கும். அவன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே அங்கிருந்து பார்ப்பான். முன்பாதிக் கதையை அவள் போனில் சொல்வாள், பின்பாதியை அவன்.

"அந்த டாக்டர் பொண்ணு ஒத்துக்கிச்சாங்க?"

"அதெப்படி உடனே ஒத்துக்கும்? இன்னும் எட்டு எபிசோடு கெடக்குதே!"

கொரோனா வந்தது. சனிக்கிழமைகள் நின்றுபோயின. ஜூலை மாதம், காய்ச்சல்காரர்களைத் தேடி வீடுவீடாகப் போய்வந்த யுவராணிக்கே காய்ச்சல் கண்டது. தர்மபுரியில் ஒரு கல்லூரியில் திறந்திருந்த சிகிச்சை மையத்தில் சேர்த்தார்கள். சொன்னால் பதறியடித்துக் கிளம்பிவிடுவான் என்று அவனிடம் மறைத்துவிட்டாள்.

"நல்லாத்தாங்க இருக்கேன். டூட்டி ஜாஸ்தி."

"சீரியல் பாத்தியா?"

"ம்... பாத்தேன்."

பதினோராவது எபிசோடில் நின்ற கோடு நான்கு நாளாக நகரவில்லை. ஐந்தாம் நாள் காலை அவன் ஏரியூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டான். இ-பாஸ் கிடைத்ததும் பைக்கை எடுத்தான். மத்தியானம் அவள் போன் அடித்தது.

"ஜன்னல்கிட்ட வா."

"எந்த ஜன்னலுங்க?"

"நீ படுத்திருக்கற ரூம் ஜன்னல்தான். பொய் சொல்லத் தெரியாதவ எதுக்கு யுவா சொல்ற? கோடு அங்கயே நிக்குதே!"

இரண்டாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே புங்கமரத்தடியில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அத்தனை நாள் அழாதவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காவலர் வந்து போகச் சொல்லும்வரை, ஒரு மணி நேரம், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான்.

இப்போது இருவரும் நல்லம்பள்ளியில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மகள் அன்பரசிக்கு நாலு வயது. அவள் பார்க்கும் கார்ட்டூன்கள் எல்லாவற்றையும் அடைத்துக்கொள்கின்றன என்று போன மாதம் மாதவராஜ் ப்ரொஃபைலை மூன்றாகப் பிரித்தான். ஆன்லைனில் பொருள் வாங்கவும் யுவராணிக்குத் தனி லாகின் வந்தது. வசதிதான். ஆனால் அவன் என்ன தேடுகிறான், எதை வேண்டாமென்று விட்டான் என்பது இனி அவளுக்குத் தெரியாது. எதிரிலேயே உட்கார்ந்திருப்பவனிடம் இதை எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் போனை வாங்கி, பழைய ஆர்டர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பார்த்தாள். தொட்டில் துணி, கொசுவலை, கர்ப்பிணித் தலையணை. 2020 ஜூலையில் அவள் அறியாத ஒன்று இருந்தது. ஆவி பிடிக்கும் மெஷின், ஏரியூர் முகவரிக்கு. கேன்சல் ஆகியிருந்தது.

"இத எப்பங்க போட்டீங்க?"

எட்டிப் பார்த்தான். "மூணாவது நாளே சந்தேகம் வந்துருச்சு. காய்ச்சலாத்தான் இருக்கும்னு போட்டேன். உங்க ஏரியா அடைச்சிருக்குன்னு கேன்சல் பண்ணிட்டாங்க. சரி, நாமளே போயிரலாம்னு வந்தேன்."

"இத்தன வருசமா சொல்லவே இல்லியேங்க?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. போனைக் கொடுக்காமல் மேலும் கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.