பீரோவுக்குள் இருந்த ரிமோட்



ரிமோட்டில் இயங்கும் பல்பு ஹோல்டரை நேற்றுதான் ஹாலில் மாட்டினோம். சுவிட்சைக்கூட மாற்றவில்லை. இன்று மலையில் தீபம். என் வீட்டுக்காரர் கிரிவலம் போய்விட்டார். ரிமோட் பீரோவுக்குள் இருந்தது.

ஆறு மணிக்குச் சற்று முன் ஹால் விளக்கு தானாக அணைந்தது. மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று மூச்சைப் பிடித்துச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

பிறகு அதுவாகவே எரிந்தது. வெளியே ஓடினேன்.

பக்கத்து வீட்டு அக்கா மலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் அதே மாதிரி ரிமோட்.

"தீபம் ஏத்தற வரைக்கும் எங்க வீட்டு லைட்ட அணைச்சி வச்சிருந்தேன். ஏம்மா இப்படி வேர்த்திருக்க?"

இருவரும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறோம்.

எங்கள் வேங்கிக்காலில் வேறு யாரெல்லாம் அங்கே வாங்கினீர்கள்? அணைக்கும் முன் ஒரு போன் போடுங்கள். வீட்டுக்காரர் இன்னும் திரும்பவில்லை.