நாக்குக்கு அடியில்

சிவகாசியில் பட்டாசுக்குத் திரி சொருகும் வேலை செய்துவந்த ரோஜாவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாளாகியும் பால் கொடுப்பது வேதனையாகவே இருந்தது. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. மாமியார் சண்முகத்தாய், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள். முதலில் பார்த்த டாக்டர் புட்டிப்பால் எழுதிக் கொடுத்தார். அடுத்தவர் பிள்ளையைத் தொடாமலே, "பழகிரும்" என்றார்.

பிறகு விருதுநகரில் ஒரு நர்சிடம் போனாள்.

"நீங்களாவது இவன் வாயத் திறந்து பாருங்கக்கா. எல்லாரும் என்னையத்தான் குறை சொல்லுதாக."

நர்ஸ் விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் சவ்வு இழுத்துப் பிடித்திருந்ததால் நாக்கை நீட்ட முடியாமல் பிள்ளை காம்பை ஈறால் கவ்விக் குடித்திருக்கிறது. அதை வெட்ட வேண்டுமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றவர், அதுவரை பிள்ளையை எப்படி அணைத்துக் கொடுப்பது என்று காட்டினார். அப்படிக் கொடுத்ததும் வலி பாதியாகக் குறைந்தது.

"இதப் பாக்க ஒரு நிமிசம் ஆகல. இதுக்கா அக்கா என்னைய இம்புட்டு நாள் அலைய விட்டாக?" என்றாள் ரோஜா. பிள்ளை குடித்துக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்தவில்லை.