பூட்டாத பங்கர்

ஊஸ்டரில் எங்கள் கட்டடத்தின் அடியில் அணுகுண்டுக்கும் அசையாத ஒரு பங்கர் இருந்தது. சுவிஸில் அநேகமாக எல்லாக் கட்டடங்களிலும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி வந்து சேர்ந்த கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டினேன், ஏதோ நானே கட்டியதுபோல. தடித்த கொங்கிரீட் கதவைத் தொட்டுப் பார்த்தாள். சண்டை இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்டாள். தெரியாததை மறைக்க எரிந்து விழுந்தேன்.

பதில் ஒரு ஞாயிறு பின்னேரம் தொலைக்காட்சியில் வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் பிரிட்டிஷ் படம். அணுகுண்டு செய்யும் விஞ்ஞானி ஒருவர் மனம் வெதும்பி, இந்த வேலையை அரசு நிறுத்தாவிட்டால் லண்டனையே அழிப்பேன் என்று ஒரு குண்டோடு தலைமறைவாகிறார். ஊரே வெளியேறுகிறது. ஜெர்மன் பேச்சு அவளுக்கு விளங்காததால் நான் கதை சொன்னேன். சனம் வரிசையில் நின்று பஸ் ஏறுவதைப் பார்த்து, இடம்பெயரவும் இவர்களுக்கு ஒழுங்கு தெரிகிறதே என்று சிரித்தாள். ஆளில்லாத தெருவில், ஒரு ஜன்னலில் விடுபட்டுப்போன பூனையைக் கண்டதும் சிரிப்பு நின்றது. படம் முடிந்த பிறகும் அந்தப் பூனையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன் மத்தியானம், உணவகத்தில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது ஊரெங்கும் சைரன் அலறியது. வருடத்துக்கு ஒருமுறை, மாசியில், வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஊதுவது. கேட்டுப் பழகிய எனக்கு அதை அவளிடம் சொல்லத் தோன்றவேயில்லை. ஊரில் விமானச் சத்தம் கேட்டாலே வீட்டு வளவில் வெட்டிய பங்கருக்குள் குதித்துப் பழகியவள். என்னை நானே அறையலாம்போல் இருந்தது. ஏப்ரனோடு சைக்கிளில் பறந்தேன்.

வீடு திறந்து கிடந்தது. கீழே ஓடினேன். பங்கர்க் கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் எங்கள் சூட்கேஸ். உள்ளே, அயலவர்கள் அங்கே அடுக்கி வைத்திருந்த வைன் போத்தல்களுக்கு நடுவே இருந்தாள். பூனையென்றாலே பத்தடி தள்ளி நிற்பவள், எங்கள் பல்கனிக்கு வரும் பக்கத்து வீட்டுப் பூனையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கையெல்லாம் கீறல்.

ஒன்றுமில்லை, சும்மா ஊதிப் பார்த்தார்கள் என்றேன். சொல்லாமல் விட்டது என் பிழை என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்தது?

"கதவைப் பூட்டாட்டி உது என்ன பங்கரப்பா?"

"பூட்டினா நீங்கள் எப்பிடி உள்ளுக்கு வாறது?" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் அமர்ந்து, ஏப்ரன் நுனியால் அவள் கைக் கீறல்களை ஒற்றினேன்.